சாக்கில் கட்டிய மிதவைச் சட்டை

அத்தியாயம் 6

ஏப்ரல் 17, வியாழன். காலை 7.10.
திருத்தம்: 14ஆம் தேதிக் குறிப்பில் "மிதவைச் சட்டையின் அளவு: எஸ்" என்று எழுதியிருக்கிறேன். அது சட்டையைப் பார்த்து எழுதியதல்ல. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து எழுதியது. சட்டை சாக்குக்குள் கட்டிக் கிடந்தது. அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறிய தவறுதான். இருந்தாலும் பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுதிவிட்டேன்.

எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு அவள் குறிப்பேட்டை மூடினாள்.

இருபத்தாறு வயதில் சொந்தமாக ஒரு துப்பறியும் அலுவலகம் நடத்துவதை அவளே இன்னும் முழுதாக நம்பவில்லை. சாவி வெட்டும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழே இயந்திரம் சாவியைக் கடிக்கும்போதெல்லாம் மேலே மேசையில் தம்ளர் நடுங்கும். பெயர்ப்பலகையில் "விசாரணைகள்" என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் "நிபுணர்" என்று சேர்க்கட்டுமா என்று பெயிண்டர் கேட்டபோது அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

உதவியாளர் அவளுடைய தாய்மாமா. முப்பது வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுதி வைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது என்பதால் அவளை "நோட்டு" என்றே கூப்பிடுவார்.

"என்ன நோட்டு, காலங்காத்தால வாக்குமூலமா?"

"தப்புப் பண்ணிட்டேன் மாமா. சட்டையைப் பாக்காமலே அளவு எழுதிட்டேன்."

"நான் முப்பது வருஷம் முகத்தைப் பாக்காமலே டிக்கெட் குடுத்திருக்கேன். பஸ் போய்ச் சேரலையா என்ன?"

"நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை."

மாமா வேன் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினார்.

வழக்கு இதுதான். நகராட்சி நீச்சல்குளத்தில் ஒரு மாலை வகுப்பு நடக்கிறது. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவதற்கான பாடம். நோட்டு அதில் இரண்டு மாதமாகப் படிக்கிறாள். அதே பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த நாற்பத்தைந்து வயதுப் பெண். வகுப்பில் எல்லாருக்கும் அவள் லேப் அக்கா. ஒரு நாள் வேலை முடியாமல் வகுப்புக்கு வர முடியாதபோது நோட்டுவின் குறிப்பேட்டை வாங்கிப் போய் வரி விடாமல் படியெடுத்துக்கொண்டு, மறுநாள் அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தவள்.

லேப் அக்கா மூன்றாவது முறை கடலில் இறங்கிய நாளில் உயிரோடு திரும்பவில்லை. ஆழத்தில் ஒன்றும் ஆகவில்லை. மேலே வந்து, படகு வரட்டும் என்று காத்திருந்த பத்து நிமிடத்தில், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் குடித்துச் செத்துப்போனாள்.

அவள் உடம்பில் புதிதாக வாங்கிய மிதவைச் சட்டை இருந்தது, அன்றுதான் முதல் முறையாகப் போட்டது. கை இல்லாத கோட்டைப் போன்ற ஒன்று அது. உள்ளே காற்றை நிரப்பினால் மிதக்கலாம், காற்றை விட்டால் அமிழலாம். வகுப்பில் அதைப் பிசிடி என்பார்கள். மாமா காத்துச் சட்டை என்பார். கடலுக்கு அழைத்துப்போன நிறுவனம் விசாரணை அதிகாரிக்கு இரண்டே வரியில் எழுதிக் கொடுத்திருந்தது: "இறந்தவர் சொந்தச் சட்டையை அணிந்திருந்தார். அது அவருக்கு மிகப் பெரியது. காற்று நிரப்பியதும் கழுத்துக்கு மேல் ஏறிவிட்டது."

சட்டையைத் தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்தது லேப் அக்காவின் தங்கை. தங்கைக்குத் தொழில் தையல். நோட்டுவை விசாரிக்கக் கூப்பிட்டவளும் அவளே.

*

தையல் கடையில் இரண்டு இயந்திரங்கள். சுவரெங்கும் ஆணியில் தொங்கும் பழுப்புக் காகித வெட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வாடிக்கையாளரின் பெயர். தையல்காரியின் கை எப்போதும் சும்மா இருக்காது. திங்கட்கிழமை முதல் தடவை வந்தபோது, அழுதுகொண்டே பேசியவள், பேச்சுக்கு நடுவில் நோட்டுவின் தோள்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நீண்டு தொங்கிய வார் நுனியை மடித்து, சாம்பல் நிற நூலில் நறுக்கென்று தைத்து, பல்லால் நூலைக் கடித்தாள். "இப்படித் தொங்கவிடாதம்மா. எதுலயாவது மாட்டிக்கும்." அன்றிலிருந்து பையின் வாரைக் குட்டையாக்க முடியவில்லை. நடக்கும்போது பை இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. "நாலு நாளா உன் பின்னாடி யாரோ தட்டித் தட்டிக் கூப்பிடற மாதிரி இருக்கு" என்று மாமா கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

இன்று தையல்காரி அழவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"பெருசாம்" என்றாள், அவர்கள் உட்காருவதற்கு முன்பே. "இருபது வருஷமா அவளுக்கு நான்தான் தைக்கிறேன். தோள், மார்பு, இடுப்பு, எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். என்கிட்ட வந்து அளவு பெருசுங்கிறான்."

"அதைத்தான்க்கா நாளைக்குக் காட்டணும். சாக்கை எடுத்துட்டுப் போறேன்."

"காட்டிட்டா?"

"காட்டிட்டா உங்க மேல தப்பில்லன்னு ஆயிடும்."

தையல்காரி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்மா. வேற எதுவும் எனக்கு வேண்டாம். ராத்திரி கண்ணை மூடினா அந்தச் சட்டை வந்து என் கழுத்துல ஏறுது."

சுவரில், காகித வெட்டுகளுக்கு நடுவே, லேப் அக்காவின் கையெழுத்தில் ஒரு தாள் குண்டூசியால் குத்தியிருந்தது. சட்டை வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் அவள் எழுதிக் கொண்டுவந்து தங்கையிடம் கொடுத்த பட்டியல். பிசிடி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. நம் கடல் வெதுவெதுப்பு, மெல்லிய உடுப்பே போதும், ஆகவே அதிகம் தூக்கும் பெரிய சட்டை வேண்டாம். முதுகில் மட்டும் காற்று அடையும் வகை மேலே வந்ததும் முகத்தை முன்னால் சாய்க்கும், எனக்குப் பயம், சுற்றிலும் அடையும் வகையே வேண்டும். முழுக்கக் காற்று அடைத்தாலும் விலா இறுகக் கூடாது. எடைக்கட்டிகள் வைக்கும் பை ஒரே இழுப்பில் கழன்று வர வேண்டும். எதுவும் தொங்கக் கூடாது.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தையல் சாக்குக்கட்டியால் நீல டிக். கடைசி வரி நோட்டுவின் சொந்த வாக்கியம். அவள் குறிப்பேட்டிலிருந்து போனது. திங்கட்கிழமை அதைப் பார்த்தபோது, தன் எழுத்தையும் ஒருவர் மதித்திருக்கிறார் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தாள்.

"கடையில எப்படிக்கா போட்டுப் பாத்தாங்க?"

"அவங்களே ஒரு தடிச்ச ரப்பர் உடுப்பு வச்சிருக்காங்க. அதைப் போடச் சொல்லி, அதுமேல சட்டையை மாட்டினாங்க. நான்தான் வாரெல்லாம் இழுத்துக் கச்சிதமா வச்சேன். கண்ணாடி முன்னாடி நின்னு, 'உன் பிளவுஸை விட இது நல்லா உக்காந்திருக்குடி'ன்னா."

மாமா சாக்கைத் தூக்கினார். "பிரிச்சுப் பாத்துடலாமாம்மா, இங்கயே?"

"நீங்க போய்ப் பிரிச்சுக்குங்க. நான் பாக்க மாட்டேன்."

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. நோட்டு திரும்பிப் பார்த்தாள். ஊசிக்குக் கீழே துணி இல்லை.

*

வேனுக்குள் சாக்கின் கட்டை அவிழ்த்தார்கள். உப்பு நெடி அடித்தது. கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் வெள்ளைத் துணியில் ஓர் எழுத்து. எஸ்.

"அப்ப சரியான அளவுதான்" என்றார் மாமா. "பெருசுன்னு எழுதினவன் வாயில மண்ணு. ரைட், போலாம்."

"சரியான அளவுன்னா ஏன் மாமா மேல ஏறிச்சு?"

"அதையும் அவனையே கேப்போம்."

நிறுவனத்தின் அலுவலகம் படகுத்துறைக்குப் பின்னால் இருந்தது. தரையில் ஈரக் காலடிகள். சுவரில் ஆமையோடு சிரிக்கும் மனிதர்களின் படங்கள். லேப் அக்காவைக் கடலில் இறக்கிய வழிகாட்டியே அங்கே பொறுப்பாளரும். வெயிலில் உரிந்த மூக்கு, அழகான பல்வரிசை.

நோட்டு பட்டைத் துணியைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான்.

"எஸ்ஸோ எம்மோ. ஏறினதை ஏழு பேர் பாத்தாங்கம்மா."

"அளவு பெருசுன்னு எழுதியிருக்கீங்க."

"பாக்கப் பெருசாத்தான் இருந்துச்சு. காது வரைக்கும் வந்தா வேற எப்படி எழுதுறது?"

"எறங்குறதுக்கு முன்னாடி வாரை இழுத்துப் பாத்தீங்களா?"

அதற்காகவே காத்திருந்தவன்போல ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். அன்றைக்கு இறங்கிய எட்டுப் பேரின் பெயர்கள் வரிசையாக. சிலிண்டர், மூச்சுக்குழாய், எடை, காற்றுப் பொத்தான். கடைசிக் கட்டத்தில்: "வார்கள் இழுத்துப் பார்க்கப்பட்டன." எல்லாவற்றிலும் டிக். கீழே கையெழுத்து.

நோட்டு தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். வார்களுக்கான கட்டத்தில் எட்டு டிக்கும் ஒன்றோடொன்று ஒட்டி, மேலிருந்து கீழே ஒரே அலையாக ஓடியிருந்தன. மை ஓரிடத்திலும் விட்டுப்போகவில்லை.

"பேனாவை எடுக்காமலே எட்டுப் பேரோட வாரை இழுத்திருக்கீங்க" என்றாள். 

"தம்பி எங்க டிப்போவுக்கு வந்திருக்கணும்" என்றார் மாமா. "நாங்களும் கடைசி ஸ்டாப்புல உக்காந்துதான் நடுவுல ஏறினவங்க கணக்கை எழுதுவோம். ஆனா அலை அலையா எழுத மாட்டோம். செக்கர் கண்டுபிடிச்சுடுவாரு."

வழிகாட்டியின் சிரிப்பு குறையவில்லை. "எழுதின விதத்துக்கு ஒரு சட்டமும் கிடையாது சார். கையெழுத்து இருக்கு. நாளைக்கு அதுதான் பேசும். நான் இழுக்கலன்னு உங்களால காட்ட முடியுமா?"

முடியாது. வெளியே வந்து வேனில் ஏறினாள். சரியான கேள்வியைத் தப்பான நேரத்தில் கேட்டுவிட்டோமோ, வார்களைப் பற்றி முதலில் கேட்டிருக்கக் கூடாதோ என்று மனசு போட்டு அரித்தது. குறிப்பேட்டில் எழுதினாள்: "அவன் பொய் சொல்கிறான். நிரூபணம் இல்லை."

"அடுத்த ஸ்டாப்?" என்றார் மாமா.

"நீச்சல்குளம். நான் போட்டுப் பாக்கிறேன். எனக்கும் எஸ்தான்."

*

மூன்று மணிக்குக் குளம் காலியாக இருந்தது. வகுப்பெடுக்கும் மாஸ்டர் ஒரு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து சட்டையில் பூட்டினார். லேப் அக்கா கடலில் போட்டிருந்ததைப் போலவே நோட்டுவும் ஒரு மெல்லிய நீச்சல் மேலுடுப்பில் இருந்தாள்.

"எனக்கும் ஒண்ணு மாட்டி விடுங்க மாஸ்டர்" என்றார் மாமா, கரையில் உட்கார்ந்து.

"உங்க சைஸுக்கு ரெண்டைச் சேத்துத் தைக்கணும்."

"வேண்டாம். நான் சும்மா விழுந்தாலே மிதப்பேன். தண்ணிதான் பாவம்."

நோட்டு கழுத்தளவு ஆழத்துக்குப் போய், காலை எடுத்துவிட்டு, இடது கையில் இருந்த பொத்தானை அழுத்தினாள். காற்று புஸ்ஸென்று நிறைந்தது. சட்டை ஊதியது. ஊதிய சட்டை மேலே போக, அவள் அதற்குள்ளிருந்து கீழே நழுவினாள். முதலில் தோள், பிறகு கன்னம், பிறகு காது. இரண்டு பக்கமும் காற்றுத் தலையணைகள் முகத்தை இடுக்கின. வாய் தண்ணீரின் மட்டத்தில் நின்றது. சிற்றலை ஒன்று வந்தபோது ஒரு மிடறு உள்ளே போயிற்று.

"தோள் வாரைக் கீழ இழு" என்று மாஸ்டர் கத்தினார். "ரெண்டையும்."

இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். கல்லில் கட்டிய கயிறுபோல நின்றது. இடுப்பு வாரைத் தேடினாள். அதுவும் அசையவில்லை. இது நாலடி தூரத்தில் கரை இருக்கிற குளம், மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் அவள் கை தானாக அடித்துக்கொள்ளத் தொடங்கியது. மாஸ்டர் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து அவளைக் கரைக்கு இழுத்தார்.

சட்டையைக் கழற்றிச் சிமெண்ட் தரையில் பரப்பினார்கள். மூவரும் குனிந்தார்கள்.

ஒவ்வொரு வாரும் ஒரு கொக்கியின் வழியே வந்து, நுனி கீழே தொங்க வேண்டும். அந்த நுனியைப் பிடித்து இழுத்தால்தான் வார் இறுகும். இங்கே நுனி தொங்கவில்லை. அழகாக மடித்து, அடியிலிருந்த பட்டையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. மூன்று வாரிலும்.

"இது கம்பெனித் தையல் இல்ல" என்றார் மாஸ்டர். "அவங்க கறுப்பு நூல்ல மெஷின்ல அடிப்பாங்க. இது கைத்தையல்." நகத்தால் சுரண்டினார். "தடிச்ச உடுப்பு மேல போட்டு வார் அளவு வச்சிருக்காங்க. அந்த அளவுலயே பூட்டிட்டாங்க. நம்ம தண்ணிக்கு அந்த உடுப்பை யாரு போடுறா? மெல்லிசா போட்டுட்டு எறங்கினா மூணு விரல், நாலு விரல் தொளதொளன்னு நிக்கும். இறுக்கவும் வழியில்ல."

நோட்டு நிமிர்ந்தாள். கிடைத்துவிட்டது. குறிப்பேட்டை எடுத்தாள். ஈரக் கையால் எழுதினாள்: "தையல்கள். வலது தோள் 8. இடுப்பு 8. இடது தோள் 6."

"யாரோ வேணும்னே தைச்சிருக்கான்" என்றார் மாமா. "எழுதிக்க நோட்டு. கொலைகாரனுக்குத் தையல் தெரி..."

சொல் பாதியில் நின்றது. சிரிப்பும் நின்றது. அவர் பார்வை பெஞ்சில் கிடந்த அவளுடைய தோள்பைக்குப் போயிருந்தது.

அவள் எழுந்து போய்ப் பையை எடுத்து வந்து சட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே சாம்பல் நூல். அதே மடிப்பு. அதே நறுக்கான எட்டுத் தையல். நாலு நாளாக இடுப்பில் இடித்து இடித்துச் சொல்லிக்கொண்டு வந்ததை அவள்தான் கேட்கவில்லை.



"வகுப்புல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்றார் மாஸ்டர், யாரிடமோ கெஞ்சுவதுபோல. "எதுவும் தொங்கக் கூடாது, பவளப்பாறையில மாட்டும். ஆனா வார் நுனியை மட்டும் செருகித்தான் வைக்கணும். வெட்டாதீங்க, கட்டாதீங்க, இழுத்தா கைக்கு வரணும்னு. லேப் அக்காவுக்குத் தெரியாமலா போச்சு?"

"அன்னிக்கு அவங்க வரல" என்றாள் நோட்டு.

குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். பதினோராம் பக்கம். பிப்ரவரி மாதத்துத் தேதி. அவள் கையெழுத்தில், அடிக்கோடிட்டு: "எதுவும் தொங்கக் கூடாது." அவ்வளவுதான். அடுத்த வரி வேறு பாடம். மாஸ்டர் சொன்ன மீதியை அவள் எழுதியிருக்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தாள். பக்கத்தின் கடைசி வரி அது. இடம் இல்லை. மீதி நினைவில் இருக்கும் என்று நினைத்திருப்பாள். அவளுக்கு நினைவில் இருந்தது.

மாமா அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "எல்லாத்தையும் நீ தூக்காதே" என்றார்.

"ஒண்ணு கவனிச்சீங்களா மாமா?" அவள் குறிப்பேட்டை மூடினாள். "அந்த ஆள் ஒரே ஒரு தடவை இந்த வாரை இழுத்திருந்தா, அது வராதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். வேற சட்டை குடுத்திருப்பான். இழுக்கவே இல்லைங்கிறதுக்கு இந்தத் தையல்தான் சாட்சி."

"அப்ப அவன் மாட்டினான்."

"அவனை மாட்டிவிடணும்னா யார் தைச்சாங்கன்னு சொல்லணும்."

மாமா மெதுவாகச் சாக்கை எடுத்து மடித்தார். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட ரைட் கொடுக்க இத்தனை நேரம் எடுத்திருக்க மாட்டார்.

*

விளக்குப் போடும் நேரத்தில் தையல் கடைக்குத் திரும்பினார்கள். நோட்டு வழி நெடுக மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். வாசலில் கால் வைத்ததும் மூன்றும் மறந்துபோயின.

"அளவு சரிதான்க்கா. எஸ்" என்றாள் முதலில்.

தையல்காரி தலையாட்டினாள். சந்தோஷப்படவில்லை. "அப்புறம்?"

நோட்டு சட்டையை வெட்டு மேசையில் வைத்தாள். பக்கத்தில் தன் பையை வைத்தாள். 

தையல்காரி விளக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ பேர் கொண்டுவரும் பழைய துணியைப் பார்ப்பதுபோல, நிதானமாக, வலது தோளைப் பார்த்தாள். பிறகு இடுப்பை.

"கடையிலேர்ந்து வந்த அன்னிக்கு, இங்கயே உக்காந்து தைச்சேன்" என்றாள். "பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா டிக் போட்டா. கடைசி வரி மட்டும் பாக்கி. 'இந்த மூணு நுனியும் தொங்குதேடி, மாஸ்டர் கூடாதுன்னிருக்காரு'ன்னா. நான்தான் 'குடு, இது ஒரு வேலையா'ன்னேன்."

"உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சிருக்கும், இழுக்கத்தான் அந்த நுனின்னு?" என்றார் மாமா. தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளை அக்கா என்று கூப்பிட்டதை அவரே கவனிக்கவில்லை.

"சாக்கை நான் ஏன் அவுக்கலன்னு நினைச்சீங்க?" அவள் நோட்டுவைப் பார்த்துக் கேட்டாள். "வார் இறுகலன்னு படகுல யாரோ பேசிக்கிட்டாங்கன்னு ஆஸ்பத்திரியிலயே காதுல விழுந்துச்சு. அப்பவே வயித்துல ஒரு ஊசி எறங்கிச்சு. படிச்ச பொண்ணு ஒருத்தி வந்து, பாத்துட்டு, அதெல்லாம் இல்லக்கான்னு சொல்லிட்டா, அதைப் பிடிச்சுக்கிட்டுக் காலத்தை ஓட்டிடலாம்னு உன்னைக் கூப்பிட்டேன்."

நோட்டு வாயைத் திறந்தாள். பதினோராம் பக்கம் பைக்குள் இருந்தது. அந்த வாக்கியம் யாருடையது என்று இப்போதே சொல்லியிருக்கலாம். "அந்த ஆள் வாரைச் சோதிக்கவே இல்லக்கா, இந்தத் தையலை வச்சு அதை நாளைக்கு..." என்று தொடங்கி வேறு பக்கம் போய்விட்டாள். எல்லாவற்றையும் விளக்கினாள். அலை அலையாகப் போட்ட டிக், கையெழுத்து, இழுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்பது.

தையல்காரி மேசையில் கிடந்த சின்னக் கத்தரியை எடுத்தாள். நூல் வெட்டும் கத்தரி. அதன் நுனியை வலது தோள் வாரின் முதல் தையலுக்குள் செருகினாள்.

"ரெண்டு நிமிஷ வேலை" என்றாள். "தைச்ச தடம்கூட இருக்காது. ஈரத்துல ஊறின பட்டை, ஓட்டை மூடிக்கும். அளவும் சரி. அப்ப என் மேலயும் ஒண்ணும் இல்ல, அவன் மேலயும் ஒண்ணும் இல்ல. அவ தலையெழுத்துன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

மாமா அசைந்தார். நோட்டு கையால் அவரைத் தடுத்தாள். தடுத்தது சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கத்தரி வெட்டவில்லை. தையல்காரியின் இடது கைக் கட்டைவிரல், பழக்கத்தில், இன்னொரு தோளின் தையலைத் தடவிக்கொண்டு போயிற்று. நுனியில் நின்றது. திரும்ப முதலிலிருந்து தடவியது.

"நீ எதாவது பிரிச்சியா இதுல?"

"இல்லக்கா."

"குளத்துல இழுத்தப்ப எதுவும் அறுந்துச்சா?"

"இல்ல. வெளிய வந்ததும் எண்ணினேன். சிமெண்ட்ல நூல் எதுவும் விழல. ஆறுதான் இருந்துச்சு."

"நான் எட்டுதான் போடுவேன். எதுக்குமே எட்டுதான்." அவள் விளக்கை இன்னும் கீழே இறக்கினாள். மடிப்பின் ஓரத்தில் இரண்டு நூல் நுனிகள், வெட்டுப்பட்டவை அல்ல, பிய்ந்து திரித்திரியாக உப்புப் பூத்து நின்றன. "ரெண்டு அறுந்திருக்கு."

 வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"இழுத்திருக்கா" என்றாள் தையல்காரி. "இடது கையால. லேப்ல ஊசி பிடிச்ச கை அவளுக்கு இடது கைதான். இன்னும் ரெண்டு அறுந்திருந்தா மீதி தானா வந்திருக்கும். நான் நல்லா தைச்சுட்டேன்."

கத்தரியை மேசையில் வைத்தாள். சட்டையை நான்காக மடித்தாள், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் துணியை மடிப்பதுபோல ஓரம் சேர்த்து. சாக்குக்குள் வைத்து வாயைக் கட்டி நோட்டுவின் கையில் கொடுத்தாள்.

"அப்படியே எடுத்துட்டுப் போ. என் கையில இருந்தா விடியற வரைக்கும் பொறுக்க மாட்டேன்."

"நீங்க நாளைக்கு வர வேண்டாம்க்கா. நானே சொல்லிக்கிறேன்."

"வருவேன்" என்றாள் அவள். "தைச்சது யாருன்னு கேட்டா, கை தூக்க ஒரு ஆள் வேணுமில்ல?"

மாமா வேனை அவள் அலுவலகத்துக்குக் கீழே நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, "அவகிட்ட அந்தப் பக்கத்தைக் காட்டலையே நீ" என்றார்.

"காட்டல."

"ஏன்?"

"பயம்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஏப்ரல் 17, வியாழன். மாலை 7.40.
திருத்தம்: காலையில் எழுதிய தவறு சிறியதுதான். பெரியது பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. அதை அடிக்கவில்லை, பக்கத்தில் எதையும் இட்டு நிரப்பவும் இல்லை.

நாளை: எட்டே முக்காலுக்குத் தையல் கடையில் இருக்க வேண்டும். போகும் வழியில் வேனுக்குள் தையல்கார அக்காவிடம் பதினோராம் பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டும். பத்து மணிக்கு விசாரணை. சாக்கு, தோள்பை, இந்தக் குறிப்பேடு மூன்றையும் எடுத்துப் போக வேண்டும். பையின் தையலைப் பிரிக்கக் கூடாது.